மஞ்சள் நீரைத் துப்பிய பிள்ளை

மயிலாப்பூர்,
15-2-1968

மதிப்புக்குரிய அண்ணாச்சி கணேசமூர்த்தி அவர்களுக்கு, சகலை சுயம்புலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், பேச்சி, மூத்தவன் நயினார் மூவரும் சுகம். 'மூவரும்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. போன வாரம்வரை நால்வர் என்று எழுதிப் பழகிய கை. மெதுவாகத்தான் திருந்தும். எட்டாம் வகுப்பைத் தாண்டவே மூன்று வருஷம் எடுத்துக்கொண்ட கை அல்லவா.

மந்தைவெளியைத் தாண்டினால் ராஜா அண்ணாமலைபுரம். நடந்தே வந்து பேசிவிட்டுப் போகாமல் தபால் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். வந்தால் பயல் என் காலைக் கட்டிக்கொள்வான், கொஞ்ச நாள் வராதே என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் காலை வீட்டில் வைத்துவிட்டுக் கையை மட்டும் அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. பேச்சி அவனை என் மடியில் வைத்தாள். நான் தூக்கி உங்கள் மடியில் வைத்து, "இனி ஜவஹர் உங்க பிள்ளை அண்ணாச்சி" என்றேன். அதுவரை எல்லாம் ஒழுங்கு. நம் வழக்கப்படி தத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் மஞ்சள் நீரை உங்கள் பெரியப்பா வாயில் ஊற்றினாரோ இல்லையோ, அத்தனையையும் உங்கள் புதுப் பட்டுச் சட்டையில் துப்பினானே! "இன்னொரு வாட்டி குடுங்கய்யா, உள்ள போகணும்லா" என்று சனம் முழுக்கக் கத்த, இரண்டாவது தடவையும் துப்பினான். கடைசியில் பேச்சிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கிண்ணத்தில் விரலைத் தொட்டு, கொஞ்சம் சர்க்கரையில் ஒற்றி, "ஏல, அம்மைக்காக" என்று அவன் நாக்கில் வைத்தாள். சப்பிக் குடித்தான். அப்புறம் அடுக்களைக்குள் போனவள் பந்தி முடியும்வரை வெளியே வரவில்லை.

அவளாக விரும்பித்தான் கொடுத்தாள் அண்ணாச்சி. அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். சுந்தரவல்லி மதினிக்கு மூன்றும் தங்காமல் போனதிலிருந்து, "எங்க அக்கா முகத்தைப் பாக்க முடியல, நமக்குத்தான் ரெண்டு இருக்கே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பயலைப் பற்றிச் சில விஷயங்கள். தூங்கும்போது யாருடைய காது மடலையாவது பிடித்துக்கொள்வான். என் இடது காது கொஞ்சம் நீளமாக இருப்பதன் காரணம் அதுதான். கத்தரிக்காய் என்று சொன்னால் சாப்பிட மாட்டான். பெயரைச் சொல்லாமல் கொடுத்தால் சாப்பிடுவான். 

எப்போது வந்து பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். பேச்சி கேட்கச் சொன்னாள். நானும் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள்
சுயம்புலிங்கம்


ராஜா அண்ணாமலைபுரம்,
21-2-1968

சுயம்புலிங்கத்துக்கு ஆசிகள். கடிதம் கிடைத்தது.

பையன் நலம். முதலிரண்டு இரவு அழுதான். இப்போது இல்லை. அவனுக்குத் தனிக் கட்டில் வாங்கியிருக்கிறேன். காதைப் பிடிக்கிற பழக்கத்தை நிறுத்தியாகிவிட்டது.

நீ கேட்டதால் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு இரண்டு பேரும் வர வேண்டாம். அதன்பின் வரும்போது உன்னைச் சித்தப்பா என்றும் பேச்சியைச் சித்தி என்றும்தான் அவன் கூப்பிட வேண்டும். என்னையும் சுந்தரத்தையும் அப்பா அம்மா என்று கூப்பிடப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். ஒரு பிள்ளைக்கு இரண்டு அப்பா இருந்தால் அது எந்த வீட்டிலும் வேர் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது இனிஷியலும் என்னுடையதுதான்.

பத்திரம் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். நாள் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டதால் ஆபீஸ் இல்லை. ஒழிந்தபோது செய்துகொள்ளலாம். ஊரே பார்த்துக் கொடுத்து வாங்கியதற்கு மேல் என்ன பத்திரம்?

பாத்திரக்கடையில் ஆடித் தள்ளுபடிக்குச் சரக்குப் பிடிக்கும் வேலை இப்போதே ஆரம்பமாகிவிட்டது. அடிக்கடி பதில் எழுத நேரமிராது.

கணேசமூர்த்தி


மயிலாப்பூர்,
14-11-1969

அண்ணாச்சி அவர்களுக்கு,

தீபாவளிக்குக் கொடுத்துவிட்டு வந்த துணிப் பொட்டலம் நேற்று ரிக்‌ஷாக்காரர் கையில் பத்திரமாகத் திரும்பி வந்து சேர்ந்தது. கட்டின நூல்கூடப் பிரியவில்லை. எங்கள் துணிக்கடையிலே வாங்கிய துணியைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள்கூட ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவருவார்கள்.

ஆறு மாதம் என்றீர்கள். நானும் பேச்சியும் ஒரு வருஷத்துக்கு மேல் பொறுத்தோம். நடுவில் நாலு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அதனால்தான் தீபாவளியன்று காலையில் நானே வந்தேன். நீங்கள் கேட்டுக்கு வாட்ச்மேன் போட்டிருப்பது எனக்குத் தெரியாது.

"இன்னா வோணும்?" என்றான்.

"ஐயா இருக்காரா?"

"எண்ண தேச்சிக்கினு கீறாரு. நீ யாரு?"

நான் யார்? அப்பா என்று சொல்லக் கூடாது. சித்தப்பா என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. நாள் முழுக்கக் கடையில் பேசிப் பேசியே சாப்பிடுகிறவன், அண்ணாச்சி, என் வாய் அடைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "துணிக்கடையிலேருந்து வரேன்" என்றேன்.

அப்போது மாடி வராந்தாவில் பயல் வந்து நின்றான். உயர்ந்திருக்கிறான். கையில் மத்தாப்புப் பெட்டி. என்னை நன்றாகப் பார்த்தான். நான் கையை ஆட்டினேன். அவன் கீழே குனிந்து, "யாரு வாட்ச்மேன் அது?" என்று கேட்டான்.

"துணிக்கடைக்காரரு தம்பி."

"ஓ" என்று உள்ளே போய்விட்டான்.

வாட்ச்மேன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் நான் சொன்னதைத்தான் சொன்னான். பொட்டலத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்து பேச்சியிடம், "பார்த்தேன், பேசினான், சட்டை அளவு சரியாக இருந்தது" என்று சொல்லிவைத்தேன். அன்று பூராவும் அவள் சிரித்த முகமாக இருந்தாள். நேற்றுப் பொட்டலம் வந்தபோது கதவைத் திறந்தது அவள்தான்.

பொய் சொல்லி மாட்டிக்கொண்டது என் பிசகு. பொட்டலத்தைத் திருப்பியது யாருடைய பிசகு என்று நீங்களே எழுதுங்கள்.

சுயம்புலிங்கம்


ராஜா அண்ணாமலைபுரம்,
20-11-1969

சுயம்புலிங்கத்துக்கு,

இது விஷயமாக நான் எழுதும் கடைசிக் கடிதம் இதுவாக இருக்கட்டும்.

நீ வந்துபோன அன்று இரவு பையன் படுக்கையை நனைத்தான். சுந்தரம் அழுதாள். என் வீட்டில் நல்ல நாளில் இது தேவையா? வக்கீல் வேதாசலத்தைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தத்துக் கொடுத்த நிமிஷத்தோடு பெற்றவனின் உரிமை அத்தனையும் அற்றுப்போகிறது. சட்டத்தின் கண்ணில் நீ அவனுக்கு மூன்றாம் மனிதன். ஒரு தடவை முறையாகக் கொடுத்து வாங்கிய தத்தைக் கொடுத்தவனாலும் மாற்ற முடியாது, வாங்கியவனாலும் மாற்ற முடியாது, அந்தப் பிள்ளையே நினைத்தாலும் முடியாது.

என் பிள்ளைக்குத் துணி எடுத்துக் கொடுக்க எனக்கு வசதி இருக்கிறது. இனி நீயோ பேச்சியோ கேட்டுக்கு வர வேண்டாம். வந்தால் வாட்ச்மேனுக்கு என்ன சொல்லியிருக்கிறேனோ அதை அவன் செய்வான். அப்புறம் என் மேல் வருத்தப்படக் கூடாது.

கணேசமூர்த்தி


மயிலாப்பூர்,
27-9-1971

கணேசமூர்த்தி அண்ணாச்சிக்கு,

பேச்சியின் பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. நீங்கள் வரவில்லை. வந்திருந்தால் நேரில் சொல்லியிருப்பேன். வீட்டில் ஆட்கள் இருக்கும்போது நான் வேடிக்கையாகத்தான் பேசுவேன், கோபம் சரியாக வராது. அதனால் எழுதுவது நல்லதாகப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பயலை ஒரு தடவை பார்க்கணும் என்றாள். உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். கடைக்கே வந்து கல்லாவுக்கு முன்னால் நின்றேன். "வியாதிக்காரங்க பக்கத்தில குழந்தையை விடக் கூடாது சுயம்பு" என்றீர்கள். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நிறுத்திக் காட்டினால் போதும் என்றேன். நீங்கள் ஒரு அம்மாளுக்கு இட்லிக் கொப்பரையைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். "பாக்கலாம், பாக்கலாம்" என்றீர்கள். எனக்குச் சொன்னீர்களா, அந்த அம்மாளுக்குச் சொன்னீர்களா என்று இன்றுவரை தெரியவில்லை.

கடைசி மூன்று நாள் அவள் அவனைக் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் போன அன்று காரில் வந்தீர்கள். ரோஜா மாலை. மதினி தங்கச்சியின் மேல் விழுந்து அழுதார். "பயல் எங்கே?" என்றேன். பரீட்சை என்றீர்கள். ஒன்றாம் வகுப்புப் பரீட்சை! நான் எட்டாம் வகுப்பை மூன்று தடவை எழுதியவன் அண்ணாச்சி, பரீட்சைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. தகப்பனுக்குத் தலைமகன், தாய்க்குக் கடைமகன். அவளுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் ஜவஹர். அதை நான் கேட்டதற்கு, வாசலில் அத்தனை சனம் நிற்க, என்ன சொன்னீர்கள்? "தத்துப் போனவனுக்குத் தீட்டும் கிடையாது, கொள்ளியும் கிடையாது. ஆக வேண்டியதைப் பாரு." நயினாரை வைத்துத்தான் ஆக வேண்டியதைப் பார்த்தேன். பத்து வயசுப் பிள்ளை, "தம்பிதான வைக்கணும், நான் வச்சா அம்மைக்குச் சேருமாப்பா?" என்று என்னைக் கேட்டான். சேரும் என்றேன். எனக்கென்ன தெரியும்?

உங்களை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடிக்க என் உடம்பு போதாது. வழக்குப் போட என் படிப்பு போதாது. சாபம் கொடுக்கலாம் என்றால் அந்த வீட்டில்தான் என் பிள்ளை சாப்பிடுகிறான். எனக்கு எதுவும் மெதுவாகத்தான் பிடிபடும். ஆனால் பிடிபட்டால் விடமாட்டேன்.

சுயம்புலிங்கம்


ராஜா அண்ணாமலைபுரம்,
19-5-1974

என் அன்புத் தம்பி சுயம்புலிங்கத்துக்கு அண்ணாச்சி எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல். நாம் கடிதம் எழுதிக்கொண்டு எத்தனை நாளாயிற்று. மனஸ்தாபம் எந்தக் குடும்பத்தில் இல்லை?

நீ கேள்விப்பட்டிருப்பாய். முருகன் அருளால் தை மாதம் சுந்தரத்துக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. டாக்டரே அதிசயப்படுகிறார்.

விஷயம் என்னவென்றால், ஜவஹர் வளர வளர அப்படியே உன் ஜாடை. என்ன இருந்தாலும் ரத்தம் ரத்தம்தானே. பேச்சி இல்லாத வீட்டில் நீ தனியாகக் கஷ்டப்படுகிறாய். பெற்ற பிள்ளை உன்னோடு இருந்தால் உனக்கும் ஆறுதல். நாளைக்கு என் மகன்தான் இந்த வீட்டுக்குத் தலைமகன் என்று ஆகவேண்டியதும் இருக்கிறது. பெரியவர்கள் எல்லாரும் அதையே சொல்கிறார்கள்.

வக்கீல் வேதாசலத்திடம் பேசினேன். பத்திரம் பதிவாகவில்லை. பையன் மஞ்சள் நீரைத் துப்பியதை எல்லாரும் பார்த்தார்கள். அதற்கப்புறம் நடந்தது கூட்டத்தில் யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. பேச்சி அடுக்களையில் இருந்தாள், கூடத்தில் இல்லை. ஆகவே, 'நான் பிள்ளையை வளர்க்கத்தான் விட்டேன், தத்தாகக் கொடுக்கவில்லை, என் மனைவிக்கு அதில் சம்மதமும் இல்லை' என்று நீ நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். கொடுத்தவனே கொடுக்கவில்லை என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் பேச முடியாது. அவன் பழையபடி உன் பிள்ளை.

நல்ல நாளாகப் பார்த்து எழுது.

உன் நலம் விரும்பும்
கணேசமூர்த்தி


மயிலாப்பூர்,
2-6-1974

மதிப்புக்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு, மூன்றாம் மனிதன் சுயம்புலிங்கம் எழுதிக்கொண்டது.

ஆண் குழந்தை பிறந்ததில் ரொம்பச் சந்தோஷம். உங்களுக்கு இது இரண்டாவது பிள்ளை. மூத்தவன் ஜவஹருக்கு ஒரு தம்பி. வீடு நிறைந்தது.

உங்கள் கடிதத்தை நான் பதினொரு தடவையாவது படித்திருப்பேன். மெதுவாகப் படிக்கிறவன் என்பது ஒரு பக்கம், ருசி ஒரு பக்கம். பக்கத்துப் போர்ஷன் ஹாஜிரா பீ, "என்னா பாய், லாட்டரி விழுந்துச்சா, தனியா சிரிச்சிக்கினு கீறீங்க" என்று கேட்டுவிட்டார்.

நீங்கள் எழுதியதற்கு என் தாழ்மையான பதில். அன்றைக்கு அவனைத் தூக்கி உங்கள் மடியில் வைத்தது இந்த இரண்டு கைகள்தான். 'இனி உங்க பிள்ளை' என்று சொன்னது இந்த வாய்தான். மஞ்சள் நீரை நாக்கில் வைத்தது பேச்சி. கூட்டத்தில் யாருக்கும் ஞாபகமில்லையா? பரவாயில்லை, எனக்கு இருக்கிறது. கணக்கும் பூகோளமும் ஏறாத தலையில் இடம் நிறைய, அண்ணாச்சி. நீங்கள் என்னிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அதில் வசதியாகக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.

வேதாசலம் வக்கீல் நல்ல வக்கீல். அவர் சொல்லி நீங்கள் எழுதியது இது: கொடுத்தவனாலும் மாற்ற முடியாது, வாங்கியவனாலும் மாற்ற முடியாது. ஐந்து வருஷத்தில் சட்டம் மாறிவிட்டதா, வக்கீல் மாறிவிட்டாரா என்று கேட்டு எழுதுங்கள்.

அன்று வாசலில் வைத்து எனக்கு ஒன்று சொன்னீர்கள். தத்துப் போனவனுக்குப் பெற்ற தாயின் கொள்ளி கிடையாது. சரி. ஒப்புக்கொண்டேன். அப்படியானால் தத்து எடுத்த தகப்பனுக்கு? அந்தக் கொள்ளி யார் கையில்? உங்கள் தலைமகன் கையில். இப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

நாலு வரி கேட்டீர்கள். நாலு பக்கம் எழுதிவிட்டேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

சுயம்புலிங்கம்


ராஜா அண்ணாமலைபுரம்,
16-6-1974

சுயம்புலிங்கம்,

உன் கிண்டலை எல்லாம் வேறு ஆளிடம் வைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் என் டிரைவர் ஜவஹரையும் அவன் டிரங்குப் பெட்டியையும் கூடவே கொண்டுவருகிறார். இனி அவன் உன் வீட்டில். எழுதிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவனைத் திரும்ப வாசலில் ஏற்ற மாட்டேன். மயிலாப்பூரிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள். நீ கேட்டுக்கு வெளியே நின்று ஆசைப்பட்ட பிள்ளைதானே, வைத்துக்கொள்.

ஒன்று மட்டும் யோசி. இதை ஆத்திரத்தோடு படிக்காதே. நீ எழுதிக் கொடுத்தால் அவன் பேச்சியின் கடைசி மகன். வருஷா வருஷம் அவள் திதிக்கு அவன் உட்காரலாம், அவன் கையால் எள்ளும் தண்ணீரும் அவளுக்குப் போகும். அவள் வாய் திறந்து கேட்டும் நான் தராததை நீ தரலாம். எழுதாவிட்டால் அந்தத் தண்ணீரை அவளுக்கு இல்லாமல் பண்ணியது நான் இல்லை, நீ.

என்னைப் பழிவாங்க உன் பெண்டாட்டியைப் பட்டினி போடுகிறாயா? செப்டம்பர்வரை பார்க்கிறேன்.

கணேசமூர்த்தி


மயிலாப்பூர்,
22-9-1974

அண்ணாச்சிக்கு,

மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை. ஜூன் கடிதம் சரியான இடத்தில் அடித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் பாத்திரக்கடை வைத்ததால் தப்பித்தோம், கசாப்புக்கடை வைத்திருந்தால் எலும்பே தப்பாது.

பயல் வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே வரவில்லை. நயினார் போய், "வாடா தம்பி" என்றான். "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று கேட்டான். என்னைப் பார்த்து இல்லை, டிரைவரைப் பார்த்து. டிரைவர் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருட்டின பிறகுதான் உள்ளே வந்தான். கத்தரிக்காய்க் குழம்பு என்று பெயரைச் சொல்லாமல் போட்டேன். "இது கத்தரிக்கா, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டான். ஒன்பது வயசு. இனி அவனை ஏமாற்ற முடியாது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

உங்கள் நாலு வரியை நான் எழுதினேன். ஒரு தடவை அல்ல. ஒவ்வொரு தடவையும் 'என் மனைவிக்குச் சம்மதமில்லை' என்ற இடத்தில் வந்து நிற்பேன். அவள் சம்மதித்தாள் அண்ணாச்சி. சம்மதித்ததற்காகத்தான் அவ்வளவும் பட்டாள். அவள் செய்ததிலேயே பெரிய காரியம் அது. செத்தவள் எழுந்து வந்து ஆட்சேபிக்க மாட்டாள் என்று அதை நான் துடைத்துவிட்டால், அவள் பட்டதெல்லாம் எதற்காக? நான் நியாயஸ்தன் என்று நினைத்துவிடாதீர்கள். பழிக்காகவும்தான் கிழித்துப் போட்டேன். நியாயமும் பழியும் ஒரே பக்கம் வந்து நின்றது என் அதிர்ஷ்டம். ஏழைக்கு எப்போதாவது இப்படி விழும்.

ஜூலையில் மதினி வந்தார். உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், இப்போது தெரிந்துகொள்ளுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரிக்‌ஷாவில், வியர்த்து விறுவிறுத்து என் வாசலில் நின்றார். "சுயம்பு, பிள்ளையை ஒரு தடவை பாத்துக்கிடுதேன்" என்றார். இந்த நாளுக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன்! என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக வைத்திருந்தேன். கேட்டுக்கு வர வேண்டாம், நீங்கள் மூன்றாம் மனுஷி. அவ்வளவுதான், வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதான். "உள்ள வாங்க மதினி, மோர் குடிக்கீங்களா?" என்றேன். பழிவாங்கவும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இவ்வளவுதான் வருகிறது.

பயல் ஓடி வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, "அம்மா, நீங்களுமா என்னைப் போகச் சொன்னீங்க?" என்று கேட்டான். அவர் அந்தக் கதவையே பிடித்துக்கொண்டு அழுதார். பேச்சியின் பிணத்தின் மேல் விழுந்து அழுதாரே, அதே அழுகை.

அதற்கப்புறம் வாராவாரம் வருகிறார். போன புதன்கிழமை மதினியும் நானும் ஒரு வக்கீல் முன்னால் உட்கார்ந்து, கொடுத்தது நான், வாங்கியது நீங்கள் இருவரும், நாக்கில் வைத்தது பேச்சி என்று நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கொடுத்தவனும் கொடுத்தேன் என்கிறான், வாங்கினவளும் வாங்கினேன் என்கிறாள். இனி உங்கள் வேதாசலம் வக்கீல் துப்பிய தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வார், பார்க்கலாம். மதினியைத் திட்டாதீர்கள். "நான் பெத்தது ஒண்ணு, வாங்குனது ஒண்ணு, ரெண்டும் என் பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை வாங்கினார். நான் கெஞ்சவே இல்லை.

இனி பள்ளிக்கூட நாளில் பயல் இங்கே. சனி ஞாயிறு அங்கே, அவன் வீட்டில். மதினி வந்து கூட்டிப்போவார். வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள், யார் என்று கேட்டால், 'இந்த வீட்டு மூத்த பிள்ளை' என்று பயல் சொல்லுவான். சத்தமாகச் சொல்லப் பழக்கியிருக்கிறேன். என்னை அவன் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறான். முதல் நாள் இரவு, "நான் உங்கள என்னான்னு கூப்பிடணும்?" என்று கேட்டான். நயினார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சித்தப்பா என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நீங்கள் ஆறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய சட்டம், நான் மீறவில்லை.

நேற்று பேச்சியின் திதி. குளத்தங்கரையில் நயினார் உட்கார்ந்தான். ஜவஹர் பக்கத்தில் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஐயர் நிமிர்ந்து பார்த்து, "இந்தப் பிள்ளையாண்டான் யாரு? இவனும் பிள்ளைன்னா உக்காத்தி வைங்கோ" என்றார்.

பயல் என்னைப் பார்த்தான். அவனுக்கு அவளுடைய நெற்றி. உங்களுக்கு அது என் ஜாடையாகத் தெரிகிறது.

"இல்லைங்க சாமி. அவ அக்கா மகன்" என்றேன்.

செம்பை நயினாரிடம் கொடுத்துவிட்டு அவன் நாலு படி மேலே போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டான். எள்ளும் தண்ணீரும் இறைத்து முடிகிறவரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இது என் பங்குக்கு நான் கட்டியது. பெரிய தொகைதான். உங்கள் பங்கு பாக்கி நிற்கிறது. ஆள் தயாராகிக்கொண்டிருக்கிறான், ஆனால் இன்னும் சின்னப் பையன், தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்று வரும் அளவுக்குத் தோள் விரியவில்லை. வேளா வேளைக்கு நல்ல சாப்பாடாகப் போட்டு வளர்க்கிறேன்.

எனக்கு ஒரு அவசரமும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகனின் சித்தப்பா
சுயம்புலிங்கம்